விளக்குக்குப் பக்கத்தில் நின்றவர்கள்: பிலடெல்பியா, நியூயார்க் பயணக் குறிப்புகள்

வியாழன், பிலடெல்பியா

சனிக்கிழமை மாலை நியூயார்க் குவீன்ஸில் உள்ள மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜில் 'டெஸ்க் செட்' படம் போடுகிறார்கள். 1957-ல் வந்த படம். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் தகவல் பிரிவில் ராட்சசக் கணினி ஒன்று வந்து இறங்குவதுதான் கதை. லேப்டாப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு இப்போதுதான் வருகிறது.

நியூஜெர்சி மாநிலத்தின் எடிசன் ஊரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "கம்ப்யூட்டர் வந்து வேலைக்கு வேட்டு வைக்கிற கதையா? நானும் வரேன்டி" என்றார். சித்தி திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1980களில் வங்கிக் கிளைகளுக்குள் கணினி நுழைந்தபோது கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவர். இந்தப் படத்துக்கு அவரைவிட நல்ல துணை கிடைக்காது.

படம் பார்ப்பதற்கு முன், அந்தக் காலத்து நிஜக் கணினிகள் இருந்த இடங்களை ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று திட்டம். இன்று பிலடெல்பியா. எடிசனிலிருந்து நியூஜெர்சி டிரான்சிட் ரயிலில் டிரென்டன் வரை வந்து, அங்கே பிலடெல்பியாவின் உள்ளூர் ரயிலான செப்டாவுக்கு மாறினால் தேர்ட்டியத் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். ஆம்டிராக் என்ற நெடுந்தூர ரயிலை விடச் செலவு குறைவு, நேரம் கொஞ்சம் கூட. ஸ்டேஷனிலிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம். டிசம்பர் குளிரில் சித்தி இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

வால்நட் தெருவும் 33-ம் தெருவும் சேரும் இடத்தில் மூர் கட்டடம். எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினி பிறந்த வீடு. வெளியே மாநில அரசு வைத்த வரலாற்றுப் பலகை இருக்கிறது. உள்ளே எனியாக்கின் 40 பேனல்களில் நான்கை மட்டும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆளைவிட உயரமான கறுப்புத் தகடுகள், வரிசை வரிசையாகத் திருகும் குமிழ்கள், தடித்த கேபிள்கள். முழு இயந்திரமும் ஒரு பெரிய அறையின் மூன்று சுவர்களையும் அடைத்துக்கொண்டு நின்றது. ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை, வினாடிக்கு 5,000 கூட்டல்.

போருக்காகக் கட்டியது இது. பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் கிளம்பினால் எங்கே போய் விழும் என்ற அட்டவணை ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. ஒரே ஒரு குண்டின் பாதையைக் கையாலும் மேசைக் கணக்கு மெஷினாலும் போட்டு முடிக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கணிதம் படித்த இளம்பெண்கள். அவர்களிலிருந்து ஆறு பேரை 1945-ல் எனியாக்குக்கு எடுத்தார்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். முதலில் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவே அவர்களுக்கு அனுமதி இல்லை. கையேடு என்று எதுவும் கிடையாது. சர்க்யூட் வரைபடங்களைக் கொடுத்து, இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். வரைபடத்திலிருந்தே இயந்திரத்தின் உள்ளும் புறமும் கற்று, எந்த கேபிள் எங்கே போக வேண்டும், எந்தக் குமிழ் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று தாளில் எழுதி, கையால் பொருத்தி, புரோகிராம் செய்தார்கள்.

1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டும் நாள் வந்தது. குண்டின் பாதையைக் கணக்கிடும் புரோகிராமை எழுதியவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். முதல் நாள் இரவு வரை ஒரு கோளாறு தீரவில்லை. குண்டு தரையைத் தொட்டதும் கணக்கு நிற்க வேண்டும். நிற்காமல் பூமிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஸ்னைடர் தூங்கப் போனார். காலையில் எழுந்தபோது எந்த ஸ்விட்ச் தப்பாக நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. வந்து அந்த ஒரு ஸ்விட்சை மாற்றினார், சரியாகிவிட்டது. நிஜக் குண்டு இலக்கை அடைய 30 வினாடி ஆகும். எனியாக் 20 வினாடியில் கணக்கை முடித்தது.

அந்த நாளைப் பற்றி எனக்கு மறக்க முடியாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. எண்களை வைத்துக் கூட்டும் அக்குமுலேட்டர் பேனல்களின் மேலே குட்டி நியான் பல்புகள் உண்டு. உள்ளே எந்த எண் இருக்கிறது என்று இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வதற்கானவை. கேமராவில் அவை எடுபடாது என்று, பிங்பாங் பந்துகளைப் பாதியாக வெட்டி, எண் எழுதி, பல்புகள் மேல் கவிழ்த்தார்கள். செய்திப்படங்களில் விளக்குகள் பிரமாதமாக மின்னின. அதற்கப்புறம் சினிமாவில் வந்த கணினிகள் எல்லாம் விளக்கு மின்னுவது இந்த வழியில் வந்த வழக்கம்தான்.

அன்றிரவு பல்கலைக்கழகத்தில் பெரிய விருந்து. ஆறு பெண்களையும் அழைக்கவில்லை. பத்திரிகைப் படங்களில் இருந்தார்கள், ஆனால் பெயர் இல்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி அந்தப் படங்களைப் பார்த்து இவர்கள் யார் என்று விசாரித்தபோது, ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் கதவைத் திறந்து காட்டுகிற மாடல்கள் மாதிரி, அழகுக்காக நிறுத்தியவர்கள் என்று பதில் வந்திருக்கிறது. கிளைமன் அதை நம்பவில்லை. தேடிப் போய் அவர்களைக் கண்டுபிடித்தார், பேட்டி எடுத்தார். இன்று நாம் அந்த ஆறு பெயர்களைச் சொல்ல முடிகிறது என்றால் அவர்தான் முக்கியக் காரணம்.

சித்தி கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒவ்வொரு குமிழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "விருந்துக்குக் கூப்பிடலையா? ராத்திரி பூரா உட்கார்ந்து செஞ்சவங்களை?" என்று திரும்பவும் கேட்டார். ரயில் ஏறும் வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ரயிலில் அவருக்கு யூனிவாக் கதையைச் சொன்னேன். எனியாக்கைக் கட்டிய எக்கர்ட்டும் மாக்லியும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, இதே ஊரில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். பணம் போதவில்லை, ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அவர்கள் கட்டிய யூனிவாக்கை 1952 நவம்பர் 4 இரவு சிபிஎஸ் தொலைக்காட்சி அமெரிக்க அதிபர் தேர்தல் கணிப்புக்குப் பயன்படுத்தியது. இயந்திரம் இருந்தது பிலடெல்பியாவில். நியூயார்க் ஸ்டுடியோவில் வைத்தது விளக்குகள் மினுக்கும் வெறும் பேனல். ஒரு சிறு பங்கு வாக்குகள் எண்ணி முடிந்த நிலையிலேயே ஐசனோவருக்கு 438, ஸ்டீவன்சனுக்கு 93 தேர்வாளர் வாக்குகள் என்று யூனிவாக் சொல்லிவிட்டது. கடும் போட்டி என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. கணக்கை மாற்றி, மிதமான முடிவாகக் கொடுத்தார்கள். கடைசியில் வந்தது 442-க்கு 89. நள்ளிரவுக்கு மேல் ரெமிங்டன் ராண்ட் அதிகாரி நேரலையில் வந்து, இயந்திரம் முதலிலேயே சரியாகச் சொன்னது, நாங்கள்தான் நம்பவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

'டெஸ்க் செட்' ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்குள் நடப்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். அமெரிக்க வீடுகளுக்குள் கணினி முதலில் வந்தது தொலைக்காட்சி வழியாகத்தான்.

வெள்ளி, மன்ஹாட்டன்

காலையில் பென் ஸ்டேஷனில் இறங்கி, 42-ம் தெருவில் உள்ள நியூயார்க் பொது நூலகம். 1911-ல் திறந்தது. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். சுற்றுலாக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சித்திக்கும் ஒன்று எடுத்தேன்.

உள்ளே வாசிப்புக்கூடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் வந்தது இன்னொரு காரணத்துக்காக. கூகுள் வருவதற்கு முன் இந்த ஊர்க்காரர்கள் சந்தேகம் வந்தால் நூலகரைக் கேட்டார்கள். நேரில் கேட்டார்கள், அப்புறம் தொலைபேசியில். அப்படி வந்த கேள்விகளைச் சின்ன அட்டைகளில் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன் அந்தப் பெட்டி கிடைத்தது. வீட்டில் ஆக்டோபஸ் வளர்க்க முடியுமா என்று 1940களில் ஒருவர் கேட்டிருக்கிறார். யானை துரத்துவதுபோல் கனவு கண்டால் என்ன அர்த்தம் என்று இன்னொருவர். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் ஒரு நூலகர் எழுந்து அலமாரியைத் தேடிப் போயிருக்கிறார் என்பதை நினைத்தால் மரியாதை வருகிறது. தொலைபேசியில் கேட்கும் வசதி இன்றும் இருக்கிறது.

'டெஸ்க் செட்' நாயகி பன்னி வாட்சன் செய்வது இதே வேலைதான். ஃபெடரல் பிராட்காஸ்டிங் நெட்வொர்க் என்ற கற்பனை நிறுவனத்தின் தகவல் பிரிவுக்கு அவர் தலைவி. சிபிஎஸ் நிறுவனத்தின் நூலகத்தை நடத்திய ஆக்னஸ் லா என்பவரை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் என்று சொல்வார்கள்.

கிராண்ட் சென்ட்ரல் வழியாக வடக்கே நடந்து 57-ம் தெரு. மேடிசன் அவென்யூ மூலையில் 590-ம் எண் கட்டடம். இப்போது நிற்பது 1983-ல் எழுந்த கண்ணாடியும் கல்லுமான கோபுரம். அதற்கு முன் இங்கே இருந்ததுதான் ஐபிஎம்மின் தலைமையகம். 1948 ஜனவரியில் இங்கே தெருவைப் பார்த்த தரைத்தளத்தில் எஸ்.எஸ்.இ.சி. என்ற கணிப்பானைத் திறந்து வைத்தார்கள். 12,500 வெற்றிடக் குழாய்கள், ரிலே எனும் மின்காந்த ஸ்விட்சுகள் 21,400. தெருவோடு போகிறவர்கள் கண்ணாடி வழியாக நின்று பார்க்கலாம். 1952 வரை இங்கே ஓடியது. கடைவீதியில் கணினியைக் காட்சிக்கு வைத்த இடம் இது.

திறப்பு விழாவுக்கு முன் வந்து பார்த்த ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன், நடுவில் நிற்கும் தூண்கள் பார்வையை மறைக்கின்றன, எடுத்துவிடுங்கள் என்றாராம். கட்டடத்தையே தாங்கும் தூண்கள்; எப்படி எடுப்பது? விளக்கப் புத்தகத்தில் போட்ட புகைப்படத்தில் மட்டும் தூண்களை அழித்துவிட்டார்கள். பிங்பாங் பந்து, ஸ்டுடியோ பேனல், இல்லாத தூண். கணினியைக் காட்டும் விதத்தில் எவ்வளவு அக்கறை!

இந்த மூலைக்கு இன்னொரு பெருமை உண்டு. 1950-ல் கொலம்பியாவில் கணிதம் படித்துக்கொண்டிருந்த ஜான் பேக்கஸ் இந்த இயந்திரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். காட்டிய வழிகாட்டியிடம் வேலை தேடுகிறேன் என்று சொல்ல, அந்தப் பெண் அவரை மேலே அனுப்பினார். ஒரு புதிர்க் கணக்கு கொடுத்துப் பார்த்துவிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த பேக்கஸின் குழுதான் ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியைச் செய்தது. பகலில் ஐபிஎம் 704 கணினியில் நேரம் கிடைக்காது. அதனால் 56-ம் தெருவில் லாங்டன் என்ற ஹோட்டலில் அறை எடுத்துப் பகலில் கொஞ்சம் தூங்கிவிட்டு, ராத்திரி முழுக்கக் கணினியோடு உட்காருவார்கள். வாசர் கல்லூரியிலிருந்து நேராக வந்து சேர்ந்த லோயிஸ் ஹைப்ட் என்ற பெண்ணும் அந்தக் குழுவில் இருந்தார். ஃபோர்ட்ரான் வெளியானது 1957 ஏப்ரல். 'டெஸ்க் செட்' திரைக்கு வந்தது அதே ஆண்டு மே. நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஒரு தலைமுறையே அட்டையில் ஓட்டை போட்டுக் கற்ற மொழி இந்த மூலையோடு சம்பந்தப்பட்டது என்று சித்தியிடம் சொன்னபோது, "இதுக்கு ஒரு போர்டு வைக்கக் கூடாதா?" என்றார்.

கட்டடத்தின் பக்கத்தில் கண்ணாடிக் கூரை போட்ட பொது முற்றம் இருக்கிறது. யாரும் உள்ளே போய் உட்காரலாம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அங்கேதான். அப்புறம் ராக்ஃபெல்லர் பிளாசா. படத்தில் அலுவலகக் கட்டடமாக வெளியிலிருந்து காட்டுவது இதைத்தான். கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் நகர முடியவில்லை, சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

சனி, அஸ்டோரியா

ஆர் ரயிலில் ஸ்டெயின்வே ஸ்ட்ரீட் நிறுத்தம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மியூசியம். 1920-ல் பாரமவுன்ட் நிறுவனத்தின் முன்னோடிக் கம்பெனி கட்டிய ஸ்டுடியோ வளாகத்தின் ஒரு பகுதி இது. ஹாலிவுட் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்வதற்கு முன் நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் முதல் பேசும் படம் இங்கேதான் எடுத்தார்கள். 1988-ல் மியூசியமாகத் திறந்து, 2011-ல் பெரிதாக்கினார்கள். பழைய கேமராக்கள், தொலைக்காட்சிப் பெட்டிகள், மேக்கப் முகமூடிகள் என்று நாள் முழுக்கப் பார்க்க விஷயம் இருக்கிறது. நாங்கள் வேகமாகச் சுற்றிவிட்டுத் தியேட்டருக்கு வந்தோம். சுவரும் கூரையும் முழுக்க முக்கோணத் துண்டுகளாக நீல நிறம். சம்னர் ரெட்ஸ்டோன் பெயரில் உள்ள அரங்கம். படத்தின் நாயகன் பெயரும் சம்னர். சித்தியிடம் சொன்னேன், அவர் அதற்குள் பக்கத்து இருக்கை அம்மாவோடு பேச ஆரம்பித்திருந்தார்.

படத்தைப் பற்றி. இயக்கம் வால்டர் லாங். வில்லியம் மார்ச்சன்ட் எழுதிய நாடகத்தை ஃபீபி எஃப்ரானும் ஹென்றி எஃப்ரானும் திரைக்கதையாக்கினார்கள். பன்னி வாட்சனாக கேத்தரின் ஹெப்பர்ன், கணினி நிபுணர் ரிச்சர்ட் சம்னராக ஸ்பென்சர் டிரேசி. இருவரும் சேர்ந்து நடித்த முதல் வண்ணப் படம். தொடக்கத்திலேயே ஐபிஎம்முக்கு நன்றி சொல்கிறார்கள். சினிமாஸ்கோப் எனும் அகலத்திரையின் நீளத்தை லேப்டாப்பில் உணரவே முடியாது. பெரிய திரையில் அந்த அலுவலகம் இடமிருந்து வலம் ஒரு தெருவைப் போல விரிகிறது. மேசைகள், இரண்டு தளமாகப் புத்தக அலமாரி, ஓயாமல் அடிக்கும் தொலைபேசிகள், நான்கு பெண்கள். சான்டா கிளாஸின் மான்களுக்குப் பெயர் என்ன என்று ஒருவர் கேட்கிறார். ஃபோனைப் பிடித்தபடியே கடகடவென்று சொல்கிறார்கள். இந்தக் காட்சிகளில் வேலை நிஜமாக நடக்கிறது. ஒருத்தி பதில் சொல்லும்போது இன்னொருத்தி கேட்காமலே புத்தகத்தை எடுத்து நீட்டுகிறாள். பல வருஷம் ஒரே அறையில் வேலை செய்தவர்களுக்குத்தான் இது வரும்.

அங்கே சம்னர் டேப்போடு வந்து அறையை அளக்கிறார். எதற்கு என்று சொல்வதில்லை.

மொட்டை மாடிச் சாப்பாட்டுக் காட்சி இந்தப் படத்தின் உயிர். குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு, சாண்ட்விச்சைக் கையில் வைத்தபடி, சம்னர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ஒரு ரயில் இத்தனை பேரோடு கிளம்பியது, இந்த நிறுத்தத்தில் இத்தனை பேர் இறங்கினார்கள், அந்த நிறுத்தத்தில் இத்தனை பேர் ஏறினார்கள் என்று நீட்டிவிட்டு, சாப்பக்வா நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்கிறார். பன்னி சட்டென்று சரியான பதிலைச் சொல்லிவிட்டு, அந்த ஊர்ப் பெயரில் ஒன்பது ஆங்கில எழுத்துகள் இருப்பதைக் கவனித்தீர்களா என்று அவரையே கேட்கிறார். எதையும் எதோடும் முடிச்சுப் போட்டு நினைவில் வைப்பது அவர் வழக்கம். கணினி அறிவியல் இன்றும் வியக்கும் விஷயத்தை, மனித நினைவு இழை பின்னுகிற விதத்தை, 1957-ல் ஒரு காதல் நகைச்சுவைப் படம் சாண்ட்விச் சாப்பிடுகிற நேரத்தில் காட்டிவிடுகிறது. ஹெப்பர்ன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கை விறைக்கிறது, சாப்பிட வேண்டும், நடுவில் பதிலும் சொல்ல வேண்டும் என்பதுபோல் சொல்கிறார். அதனால்தான் நம்ப முடிகிறது.

பிறகு எமராக் வருகிறது. எனியாக், யூனிவாக் பெயர்களைப் பார்த்து வைத்த பெயர். செல்லமாக எம்மி. சுவர் முழுக்க விளக்கு. கதவை மூடி வை, தூசி வரக் கூடாது, சிகரெட் பிடிக்கக் கூடாது, சூடு மாறக் கூடாது என்று அதைக் கவனிக்கும் மிஸ் வாரினர் அதட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த இடத்தில் சித்தி என் கையைப் பிடித்து, "எங்க பிராஞ்ச்லயும் இதேதான்டி. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்" என்று காதில் சொன்னார்.

நான்கு பெண்களுக்கும் வேலைநீக்கச் சீட்டு வருகிறது. மேசைகளைக் காலி செய்கிறார்கள். அதே நேரத்தில் ஒருவர் கார்ஃபு தீவைப் பற்றிக் கேட்க, மிஸ் வாரினர் ஊரடங்கு என்று பொருள்படும் 'கர்ஃபியூ' என்று தட்டிவிடுகிறார். எமராக் ஊரடங்கு மணியைப் பற்றிய ஒரு பழைய நெடுங்கவிதையை அச்சடிக்க ஆரம்பித்து நிறுத்த மாட்டேன் என்கிறது. பன்னி அந்தக் கவிதையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நிற்கிறார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் தெரிகிறது: சம்பளப் பிரிவில் வைத்த இன்னொரு எமராக் குழம்பிப்போய், நிறுவனத் தலைவர் உட்பட எல்லோருக்கும் நீக்கச் சீட்டு அடித்துவிட்டது. இவர்களை அனுப்பும் எண்ணமே இல்லை. நிறுவனம் இன்னொன்றோடு இணையப் போகிறது, வேலை பெருகும், அதற்கு உதவத்தான் எமராக். இணைப்பு ரகசியம் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

படத்தின் சரியான இடம் இதுதான் என்பது என் கருத்து. அந்த நான்கு பேரைத் தூங்கவிடாமல் செய்தது இயந்திரம் இல்லை. அளவெடுக்க வந்த ஆள் எதற்கு அளக்கிறார் என்று யாரும் சொல்லாதது. எமராக்கின் விளக்குகள் செட் போட்டவை. அதில் இன்று பார்க்க ஒன்றுமில்லை. அந்தப் பெண்களின் வேலையும் பயமும் செட் இல்லை. எனியாக் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே இயந்திரம் நிஜம், பக்கத்தில் நின்றவர்களைத்தான் அலங்காரம் என்று நினைத்துவிட்டார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இவ்வளவு அறிவுள்ள பெண்ணுக்குப் படம் கடைசியில் கொடுப்பது கல்யாண வாக்குறுதி. பதவி உயர்வு கொடுத்திருக்கலாம். அப்புறம், யாருக்கும் வேலை போகாது என்ற வாக்குறுதியைப் படம் மிகச் சுலபமாகக் கொடுத்துவிடுகிறது. பன்னியின் பிரிவு மாதிரியான பிரிவுகள் பிற்காலத்தில் மெல்ல மெல்லச் சுருங்கின. ஐபிஎம்மின் உதவியோடு எடுத்த படத்தில் அதை எதிர்பார்க்க முடியாதுதான்.

படம் முடிந்ததும் மியூசியத்தின் கீழ்த்தளத்தில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சித்தி தானாகவே பேச ஆரம்பித்தார். 1983-ல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு வங்கிகளில் கணினி பற்றிய ரங்கராஜன் குழு அறிக்கை. இந்தச் செய்தியெல்லாம் பேப்பரில் வந்தது, கிளைக்குள் யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை. கேட் மீட்டிங்கில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"அப்ப சேவிங்ஸ் வட்டி எப்படிப் போடுவோம் தெரியுமா? ஒவ்வொரு மாசமும் பத்தாம் தேதியிலேருந்து கடைசித் தேதி வரைக்கும் கணக்குல எது குறைஞ்ச இருப்போ, அதைத்தான் எடுக்கணும். ஆறு மாசத்துக்கு அப்படி ஆறு எண். லெட்ஜர்ல ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பென்சில்ல குறிக்கணும். ஜூன், டிசம்பர் வந்தா ராத்திரி ஒன்பது மணி ஆகும் வீட்டுக்குப் போக."

"மெஷின் வந்ததும் நின்னுடுச்சா சித்தி?"

"உடனே எங்கே நின்னுச்சு? மெஷின் போட்டதைச் சரிபார்க்க நாங்க திரும்பக் கையால போட்டோம். ரெண்டு வருஷம் ரெட்டை வேலை. ஆனா அதுக்கப்புறம் ஜூன் மாசத்துல சாயங்காலமே வீட்டுக்குப் போனேன்டி. உங்கம்மாவைக் கேளு, நம்பவே மாட்டா."

அவரை யாரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பயத்தில் கழிந்த மாதங்களைத்தான் இன்னும் மறக்கவில்லை. அந்த மேனேஜர் ஒரு பத்து நிமிஷம் கூப்பிட்டுப் பேசியிருந்தால் போதும் என்றார். கப்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்த சம்னர் மட்டும் என்கிட்ட டேப்போட வந்திருந்தா, எதுக்கு அளக்கறேன்னு சொல்ற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றார்.

ஞாயிறு, எடிசன்

இன்று எங்கும் போகவில்லை. போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மூர் கட்டடம் கல்லூரிக் கட்டடம் என்பதால் வார நாளில் பகலில் போவது நல்லது. 590 மேடிசனில் எஸ்.எஸ்.இ.சி.யின் அடையாளம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. தெரிந்துகொண்டு போனால்தான் அந்த மூலைக்கு அர்த்தம். அஸ்டோரியா மியூசியத்துக்கு மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். நாங்கள் வேகமாகக் கடந்துபோன தளங்களுக்கே அரை நாள் வேண்டும். 'டெஸ்க் செட்' எங்காவது பெரிய திரையில் போட்டால் விடாதீர்கள், மாடிக் காட்சிக்காகவாவது.

காலை ஏழு மணிக்கு நான் எழுந்தபோது சித்தி திருச்சியில் இருக்கும் பழைய சக ஊழியரோடு வாட்ஸாப்பில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. கிளையில் மெஷின் அறையில் முதலில் உட்கார்ந்தது யார் என்று பேச்சு. சித்தி ஒரு பெயரைச் சொல்ல, அந்த அம்மா இல்லவே இல்லை, அவள் அப்போது பிரசவ லீவில் இருந்தாள் என்று வேறு பெயரைச் சொன்னார். கடைசியில் மூன்றாவதாக இன்னொருவருக்குக் கால் போட்டுக் கேட்டார்கள். அவர் ஐந்து பெயர் சொன்னார், தேதியோடு. சித்தி என்னைப் பார்த்து, "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்று கையைக் காட்டினார். எழுதிக்கொண்டேன்.